இரண்டு விரற்கடை

ஒரு பழைய கட்டடத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி யாராவது மைசூர்பாகு டப்பாவோடு வீட்டுக்கு வந்தால், டப்பாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுங்கள். பட்டவள் சொல்கிறேன். நான் கதவைத் திறந்துவிட்டேன், காபி போட்டுக் கொடுத்தேன், நான்கு மாதம் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதியும் கொடுத்தேன்.

வந்தவன் எனக்கு அந்நியனாக இருந்திருந்தால் இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது. நகரத்தின் பழைய தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஆறு வீடுகள் கொண்ட கோட்டர்ஸ் ஒன்று இருந்தது. மூன்றாம் வீடு எங்களுடையது, நான்காம் வீடு அவர்களுடையது. நடுவில் ஒரே சுவர். என் அப்பா தீயணைப்பு வண்டியின் டிரைவர். அவன் அப்பா லீடிங் ஃபயர்மேன். அவரை நான் சித்தப்பா என்பேன், என் அப்பாவை அவன் பெரியப்பா என்பான். என்னைவிட இரண்டு வயது இளையவன் என்பதால் எனக்கு அவன் தம்பி. இரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது.

சொந்த ஊருக்குப் போனால் இந்த உறவுமுறை செல்லாது. சென்னிமலைப் பக்கம் சித்தப்பா குடும்பத்துக்குத் தோட்டம், கிணறு எல்லாம் உண்டு. அதே பக்கத்தில் அப்படிப்பட்ட தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அங்கே அப்பா அவர்கள் வீட்டு வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்பியிருப்பார். கோட்டர்ஸில் ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே மணி. மணி அடித்தால் இரண்டு பேரும் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார்கள். ஆகவே நாங்கள் பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டோம், பெரியவர்களும் அதைத் திருத்தவில்லை.

இப்போது தம்பி பெரிய என்ஜினியர். ஆர்.எஸ்.புரத்தில் நகைக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கட்டடங்களைப் பரிசோதித்து, இது நிற்கும், இது நிற்காது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவன் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எங்கள் சந்தில் அவனுடைய கார் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு, லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. பைத்தியக்காரி.

“அக்கா, ஸ்டேஷனை இடிக்கப் போறாங்க போலிருக்குதுங்க,” என்றான். “காப்பாத்தோணும்னா அதுக்கு ஒரு வரலாறு வேணுமுங்க. யாரு கட்டுனது, எப்ப எப்ப என்னென்ன மாத்துனாங்க, எல்லாம் ஒண்ணு விடாம. நீங்க லைப்ரரில இருந்தவங்க. உங்களுக்குத்தான் கை வரும். பெரியப்பாவுக்குத் தெரியாததுன்னு ஒண்ணும் இல்லீங்களே.”

நான் முப்பது வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்கு எண் ஒட்டியவள். என்னைப் பார்த்து ஒருவன் ‘உங்களுக்குக் கை வரும்’ என்றால் என்ன ஆகும்? தலை கால் புரியவில்லை. அன்று மாலையே நோட்டு வாங்கப் போனேன்.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு. மூட்டு போய்விட்டது, கண்ணில் ஒன்று மங்கல். ஞாபகம் மட்டும் துருப்பிடிக்கவே இல்லை. நிலையம் வேறு இடத்துக்கு மாறிப்போய்ப் பல வருடங்கள் ஆகியும், பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தும், வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது அதைப் பற்றிப் பேசாமல் அவரால் இருக்க முடியாது. பால் ஊற்ற வருகிறவருக்குக்கூட அந்தக் கட்டடத்தில் எத்தனை ஜன்னல் என்று தெரியும். தம்பி வந்து கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அவர் காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, சென்னிமலைப் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார ஆரம்பித்தார். நான் போனில் ரெக்கார்டு போடுவேன். அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

அது முதலில் தீயணைப்பு நிலையமாகக் கட்டப்பட்டதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு பஞ்சு வியாபாரியின் வண்டிப்பேட்டை அது. சுற்றுவட்டாரத்திலிருந்து பஞ்சு ஏற்றி வருகிற மாட்டு வண்டிகள் இளைப்பாற, சுண்ணாம்புக் காரையில் இரண்டு பெரிய வளைவுகள் வைத்துக் கட்டிய இடம். ஒரு கோடையில் பேட்டைக்குப் பின்னால் இருந்த குடோன் பற்றிக்கொண்டது. பஞ்சில் பிடித்த தீ மேலே அணைந்தது போல இருந்து உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். அது மூன்று நாள் புகைந்ததாம். வியாபாரி மனம் வெறுத்து, பேட்டையை ஊருக்கே கொடுத்து, இனி இங்கே தீயணைக்கிற வண்டி நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் அப்பா வேலைக்குச் சேருவதற்கு வெகு காலம் முந்தியது. அவருக்கு முன்னால் இருந்த டிரைவர் அவருக்குச் சொன்னது.

பிறகு பின்பக்கம் ஒரு கோபுரம் எழும்பியது. மூன்று மாடி உயரம். கித்தான் குழாய்களை நனைந்தபடி சுருட்டி வைத்தால் மக்கிவிடும், ஆகவே கோபுரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை, தீத்தொண்டு வாரத்தில், அந்தக் கோபுரம் எரிகிற வீடாக வேஷம் போடும். கீழே வைக்கோல் புகை மூட்டுவார்கள். உச்சியில் கோட்டர்ஸ் பிள்ளைகள் நின்று ‘காப்பாத்துங்க’ என்று கத்த வேண்டும். ஃபயர்மேன்கள் ஏணியில் ஏறி எங்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஊரே நின்று கைதட்டும்.

இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவரவர் பிள்ளையை அவரவர் தூக்கக் கூடாது. சொந்தப் பிள்ளை தோளில் இருந்தால் கால் தடுமாறும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஆகவே சித்தப்பா என்னைத் தூக்குவார், அப்பா தம்பியைத் தூக்குவார். ஆறு வருடம் அப்படித்தான். டிரைவர் ஏணி ஏறத் தேவையே இல்லை, ஆனால் தம்பி வேறு யார் தோளிலும் வரமாட்டேன் என்று அழுவான். ஒரு வருடம் சித்தப்பாவின் ஊர்க்காரர்கள் நான்கு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளை யார் தோளில் இறங்கி வருகிறது என்று கண்டதும் அவர்கள் முகம் போன போக்கை நான் கோபுரத்தின் மேலிருந்தே பார்த்தேன். சித்தப்பா அவர்களிடம், “அந்தத் தோளு இல்லாட்டி நான் மேலயே ஏறமாட்டனுங்க,” என்று மட்டும் சொன்னாராம். இன்று அந்த மனுஷர் இல்லை. இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்பாவுக்கு மிகப் பிடித்த கதை வேறு. புது வண்டி வந்த கதை. எனக்கு அப்போது எட்டு வயது. பழைய வண்டிக்குப் பதிலாகப் பெரிய தொட்டியோடு, கூரையில் ஏணி வைத்த புது வண்டி வந்து சேர்ந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளே விடப் பார்த்தால், வண்டி நுழையவில்லை. மாட்டு வண்டிக்குக் கட்டிய வளைவு. நான்கு விரற்கடை உயரம் இடித்தது. வண்டி வெயிலிலும் மழையிலும் தெருவில் நின்றது. மேலே எழுதிக் கேட்டால் பதில் வர மாதக்கணக்காகும். வளைவைக் கொத்த யாருக்கும் மனசு வரவில்லை. அதன் உச்சியில் பஞ்சு வியாபாரி வைத்த பூவேலை இருந்தது.

“வளைவை ஒசத்த முடியாட்டி என்னுங்க, தரையை எறக்கிப்போடலாம்னு நான்தான் சொன்னேன்,” என்பார் அப்பா. இந்த இடத்தில் எப்போதும் ஒரு முறை சுற்றிலும் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டூட்டியில் இல்லாத பத்துப் பேர், கடப்பாரையும் மண்வெட்டியுமாக இரண்டு தூண்களுக்கும் நடுவே அரை அடி தோண்டினார்கள். நீவிய மாதிரி சரிவு வைத்துச் சிமெண்டு போட்டார்கள். கோட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கு ஒரே அடுப்பில் சமையல். சிமெண்டு இறுகியதும் அப்பா வண்டியை உள்ளே விட்டார். கூரை ஏணிக்கும் வளைவுக்கும் நடுவே இரண்டு விரற்கடை. ஓய்வு பெறும் வரை, எத்தனை அவசரத்திலும், அந்த இரண்டு விரற்கடையில் ஒரு முறைகூட அவர் உரசியதில்லை. இதைச் சொல்லும்போது வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துத் தூக்கிக் காட்டுவார்.

அவர்கள் யோசிக்காதது ஒன்று உண்டு. தரை ரோட்டைவிடத் தாழ்ந்துபோனதால், மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்து நின்றது. ஊரில் எங்கே வெள்ளம் வந்தாலும் போய் இறைக்கிறவர்கள், தங்கள் ஸ்டேஷனுக்குள்ளேயே முழங்கால் தண்ணீரில் நின்று, அதே வண்டியின் பம்பை ஓட்டித் தண்ணீரைத் தெருவுக்கு அடித்தார்கள். அது மறுபடி உள்ளே வந்தது. வருடா வருடம் நடக்கிற கூத்து. நாங்கள் காகிதக் கப்பல் விடுவோம். அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்ல, நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

“எதுவரைக்கும் தோண்டுனீங்கப்பா?” என்று ஒரு நாள் கேட்டேன். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. தம்பி போனில், ‘ஆழம் எவ்வளவுன்னு கேட்டுப்போடுங்க்கா, படிக்கறவங்களுக்கு ஆர்வமா இருக்கும்’ என்று சொல்லியிருந்தான். “அஸ்திவாரக் கல்லு கண்ணுல தெரியற வரைக்கும் கண்ணு,” என்றார் அப்பா பெருமையாக.

நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. டைப் அடித்து, அட்டை போட்டு, ஆர்.எஸ்.புரம் ஆபீசுக்கு நானே ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். தம்பி புரட்டிப் பார்த்து, “பிரமாதமுங்க்கா,” என்றான். பெரியப்பாவை விசாரித்தான். ஒரு வாரம் கழித்து, இடிக்கலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம் இருக்கிறது, கட்டாயம் வாருங்கள் என்றான். “கண்டிப்பா வாரேன்,” என்றேன். அப்பாவும் வருகிறேன் என்று அடம்பிடித்தார். படி ஏற முடியாதே என்று நான்தான் விட்டுவிட்டுப் போனேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பேசுவதற்கு ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். பொதுமக்கள் கருத்துச் சொல்ல வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். எல்லோர் கையிலும் தம்பியின் அறிக்கையைக் கொடுத்தார்கள். கட்டடம் நிற்குமா என்று பார்த்துச் சொல்ல அவனைத்தான் அமர்த்தியிருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அட்டையில் அவனுடைய ஆபீசின் பெயர். என் நாற்பத்திரண்டு பக்கத்தில் அவன் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். பஞ்சு வியாபாரி இல்லை. கோபுரம் இல்லை. பூவேலை இல்லை. ‘முன்னாள் ஓட்டுநர் ஒருவரின் வாய்மொழியின்படி, முன்பக்கத் தூண்களுக்கிடையே அஸ்திவாரக் கல் வெளியே தெரியும் அளவுக்குத் தரை தோண்டப்பட்டுள்ளது. பல ஆண்டுகள் மழைநீர் அங்கே தேங்கியுள்ளது. ஆகவே அடித்தளத்தின் உறுதியை நம்ப இயலாது. கட்டடத்தை அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.’ கடைசி இரண்டு வரி தவிர, வார்த்தைக்கு வார்த்தை என் வாக்கியம். என் தமிழை நானே இன்னொருவன் அட்டைக்குள் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்து நின்றேன். தாளைப் பிரிக்கவில்லை. இந்தக் கட்டடம் இடிக்கக் கூடாதது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஏனுங்கம்மா, இதுல சொல்லியிருக்கிற முன்னாள் ஓட்டுநர் உங்க அப்பாங்களா?”

“ஆமாங்க.”

“அஸ்திவாரம் தெரியத் தோண்டுனது, தண்ணி நின்னது, எல்லாம் அவரு சொன்னதுதானுங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வயதானவர், ஏதோ உளறியிருப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒன்றரைப் பக்கம் ஆட்டம் கண்டிருக்கும். இன்னொரு பரிசோதனை கேட்டிருப்பார்கள், கட்டடத்துக்குக் கொஞ்சம் நாள் கிடைத்திருக்கும். என் அப்பாவை நாலு பேர் முன்னால் பொய்யர் என்றோ புத்தி பேதலித்தவர் என்றோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர் கண்முன்னே வந்தார்.

“ஆமாங்க,” என்றேன்.

“நன்றிங்க. உக்காருங்க.”

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் தம்பியைப் பிடித்தேன். அவன் ஓடி ஒளியவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

“அக்கா, நான் ஒண்ணும் பொய் எழுதலீங்களே.”

“பொய் எழுதியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், தம்பி.”

“நெசமாவே அது பலமில்லாத கட்டடமுங்க. நாளைக்கு யாரு தலைமேலயாவது விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“அப்பறம் எதுக்குக் காப்பாத்தோணும்னு வந்து சொன்னே?”

அவன் கார்ச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்படிச் சொல்லாட்டிப் பெரியப்பா சொல்லியிருக்க மாட்டாருங்க்கா,” என்றான்.

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அவன் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கலாம், சுவரைத் தட்டிப் பார்த்திருக்கலாம், அவன் படித்த படிப்பு அதற்குத்தானே. அதற்கெல்லாம் நாள் ஆகும், ஆள் வேண்டும். எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு கிழவர் சும்மாவே சொல்லக் காத்திருந்தார். அவருடைய பெருமைதான் எங்கே இடிக்கலாம் என்று அவனுக்கு இடம் காட்டிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்தவள் நான். இதில் எனக்கு அவன்மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவு என்மேலும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். “படிச்சாங்களா? எல்லாத்தையும் படிச்சாங்களா?” மறைக்கத் தெரியவில்லை எனக்கு, அந்த விஷயத்தில் அவர் மகள்தான். சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடி நின்றது.

“அவனா எழுதுனான்?”

“ஆமாங்கப்பா.”

“எறங்கறப்போ கண்ண இறுக்கி மூடிக்குவான். என்ற கழுத்துல நகம் பதிஞ்சு கெடக்கும். கீழ பாக்காதே சாமி, நான் புடிச்சிருக்கறேன்னு சொல்லிக்கிட்டே எறங்குவேன்,” என்றார். பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொடுத்தார். அதை அவர் மறுபடி கேட்கவில்லை.

இடிக்கிற அன்று நான் போனேன். அந்த வளைவு இயந்திரத்தை எதிர்த்து நின்றது, பல் உடைத்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. பதினொரு மணி டீக்கு முன்னால் இரண்டு வளைவுகளும் கீழே வந்துவிட்டன. கோபுரம் மத்தியானம். இரும்புக் கையை வைத்துத் தள்ளினால் எந்தக் கட்டடமும் அப்படித்தான் விழும், அதனால் தம்பி சொன்னது சரியென்றும் தவறென்றும் ஆகிவிடாது. பூவேலையில் ஒரு துண்டு கிடைத்தால் எடுத்து வரலாம் என்று பார்த்தேன். டிராக்டரில் வாரிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவிடம் நான் எங்கே போனேன் என்று சொல்லவில்லை, என் செருப்பில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு அவரும் கேட்கவில்லை.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். இல்லாமல் போன கட்டடங்களைப் பற்றி வீடியோ எடுக்கிறாளாம். நல்ல பெண், கையில் மைசூர்பாகு எதுவும் இல்லை. அப்பா எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “ஏனுங்க ஐயா, பழைய ஸ்டேஷனைப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்களேன்,” என்று கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க அம்மணி,” என்றார் அப்பா.

அவள் விடவில்லை. எங்கிருந்தோ தேடி எடுத்த பழைய போட்டோவைப் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டு வளைவுகள், அதில் ஒன்றில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் வண்டி. டிரைவர் சீட்டில் ஒரு ஆள். முகம் தெரியவில்லை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் அந்தக் கையை எனக்குத் தெரியும். அப்பா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“இது எந்த ஊருங்க?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவளைச் சந்து முனை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வண்டியில் ஏறும்போது, சங்கடப்பட்டுக்கொண்டு, “ஐயாவுக்கு ரொம்ப மறதிங்களா?” என்றாள்.

“ஆமாங்க,” என்றேன். அன்று கூட்டத்தில் இதே வார்த்தையைச் சொன்னபோது அது உண்மை. இது பச்சைப் பொய், சொன்னதற்கு எனக்குத் துளிகூட உறுத்தல் இல்லை.